போனில் குறிப்பு எடுக்கத் தொடங்குவது எப்படி: வேலூர்ப் பக்கத்து எடுத்துக்காட்டுகளோடு ஓர் எளிய விளக்கம்

வேலூரில் ஆஸ்பத்திரி வரிசையில் உட்கார்ந்து எழுந்தவர்களுக்குச் சில கேள்விகள் மனப்பாடம். "ஏம்மா, நைனாவுக்குப் போன தடவை எத்தனை மில்லிகிராம் குடுத்தாங்க?" "எந்த மருந்து இவருக்கு ஒத்துக்காது?" "கடைசியா ரத்தம் டெஸ்ட் பண்ணது எப்போ?" பதில்கள் இல்லாமல் இல்லை. ஒன்று மஞ்சப்பையில் உள்ள ஃபைலில் இருக்கும், ஒன்று தம்பி வாட்ஸ்அப்பில் அனுப்பிய போட்டோவில் இருக்கும், ஒன்று அம்மாவின் ஞாபகத்தில் இருக்கும். டாக்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் அந்தச் சில நிமிடங்களில் மூன்றும் ஒன்று சேராது.

போனில் உள்ள நோட்ஸ் செயலி இந்தச் சில நிமிடங்களுக்காகத்தான். எழுதிவைக்கும் கருவி என்று பொதுவாக அதைச் சொல்வார்கள். திரும்ப எடுக்கும் கருவி என்று நினைத்துக்கொண்டு தொடங்கினால் எல்லா முடிவுகளும் சுலபமாகின்றன. எந்தச் செயலி, என்ன தலைப்பு, தமிழா ஆங்கிலமா, போல்டர் வேண்டுமா வேண்டாமா என்ற ஒவ்வொரு சந்தேகத்துக்கும் ஒரே கேள்வி போதும்: ஆறு மாதம் கழித்து, அவசரத்தில், இது என் கைக்குக் கிடைக்குமா?

வாட்ஸ்அப்பில் எழுதிக்கொண்டால் போதாதா

பலர் ஏற்கெனவே குறிப்பு எடுக்கிறார்கள், வாட்ஸ்அப்பில். 2022 நவம்பரில் தனக்குத்தானே செய்தி அனுப்பிக்கொள்ளும் வசதி வந்தது. அதற்கு முன்பே ஆளில்லாத குரூப் ஒன்றை உருவாக்கி அதில் எல்லாவற்றையும் போட்டுவைத்தவர்கள் உண்டு. கேஸ் புக்கிங் நம்பர், காட்பாடியில் ஏற வேண்டிய ரயில், வீட்டுக்காரர் சொன்ன மோட்டார் மெக்கானிக் பெயர், எல்லாம் அங்கே ஒன்றன்கீழ் ஒன்றாகக் கிடக்கும்.

இதில் என்ன குறை என்று புரிய, லாங்கு பஜார் மாதிரியான கடைத்தெருவின் பழைய கணக்கு முறையை நினைத்துப் பாருங்கள். சிட்டை ஒன்று, பேரேடு ஒன்று. அன்றன்று நடந்ததை நடந்த வரிசையில் சிட்டையில் எழுதுவார்கள். பிறகு அதைப் பேரேட்டில் ஆள்வாரியாக ஏற்றுவார்கள். குடியாத்தத்துக்காரர் எவ்வளவு பாக்கி என்று கேட்டால் சிட்டையைப் புரட்ட வேண்டாம், பேரேட்டில் அவர் பக்கத்தைத் திறந்தால் போதும். வாட்ஸ்அப் சிட்டை. நோட்ஸ் செயலி பேரேடு.

வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியை 15 நிமிடங்களுக்குப் பிறகு திருத்த முடியாது. அப்பாவின் மாத்திரை அளவு மாறினால் இன்னொரு செய்திதான் போட வேண்டும். ஒரு வருடத்தில் அதே மாத்திரைக்கு நான்கு செய்திகள் சேர்ந்துவிடும், அதில் எது இன்று செல்லுபடியாகும் என்று தேதி பார்த்துத் தேட வேண்டும். நோட்ஸ் செயலியில் அப்பாவின் மாத்திரைக்கு ஒரே குறிப்பு. அளவு மாறினால் அந்த வரியையே திருத்துகிறீர்கள். திறந்தால் தெரிவது இன்றைய நிலை. செய்திக்கும் குறிப்புக்கும் இதுதான் அடிப்படை வித்தியாசம், இது பிடிபட்டால் மீதியெல்லாம் பொத்தான் தெரிந்துகொள்ளும் வேலைதான்.

எதில் தொடங்குவது

ஆண்ட்ராய்டு போன் என்றால் கூகுள் கீப்பில் தொடங்குங்கள். ஐபோன் என்றால் அதிலேயே வரும் நோட்ஸ் போதும். இதற்கு மேல் ஆராயாதீர்கள் என்பது என் உறுதியான கருத்து. செயலிகளை ஒப்பிடும் வீடியோக்களைப் பார்த்தே ஒரு வாரம் ஓட்டிவிட்டு ஒரு குறிப்பும் எழுதாமல் நின்றுவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

கீப் 2013இல் வந்தது. இலவசம். ஜிமெயில் கணக்கு இருந்தால் தனியாகப் பதிவு செய்ய வேண்டாம். மைக்ரோசாஃப்டின் ஒன்நோட் இன்னும் பழையது, 2003இல் வந்தது. நோட்டுப்புத்தகம், அதற்குள் பிரிவு, பிரிவுக்குள் பக்கம் என்று அடுக்கிய அமைப்பு. கல்லூரிப் பாடக்குறிப்புக்கும், எழுத்தாணி வைத்த டேப்லெட்டில் கையால் எழுதுகிறவர்களுக்கும் அது நன்றாகப் பொருந்தும். நோஷன் அழகானது, அட்டவணை, பட்டியல், நாட்காட்டி எல்லாம் செய்யலாம். முதல் செயலியாக அதை எடுக்க வேண்டாம். அதில் வடிவமைப்பு வேலையே பெரிய வேலை. ஆப்சிடியனைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

இடம் போதுமா என்று பலர் கேட்கிறார்கள். கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜிபி, அதில்தான் ஜிமெயிலும் போட்டோவும் டிரைவும் பங்குபோட்டுக்கொள்கின்றன. வெறும் எழுத்துக்கு அது கடல். யூனிகோடு என்பது எல்லா மொழி எழுத்துக்கும் கணினிகள் பொதுவாக வைத்திருக்கும் குறியீட்டு முறை. அதில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் வழக்கமாக 3 பைட் ஆகும். 'கி' என்பதில் ககரம் ஒன்று, இகரக் குறி ஒன்று, ஆக 6 பைட். ஆயிரம் குறியீடு கொண்ட ஒரு குறிப்பு ஏறக்குறைய 3 கேபி. அப்பாவின் ரிப்போர்ட்டை எடுத்த 3 எம்பி போட்டோ ஒன்றின் இடத்தில் அப்படிப்பட்ட ஆயிரம் குறிப்புகள் அடங்கும். இடம் தீர்ந்தால் அதற்குக் காரணம் குறிப்புகளாக இருக்காது.

முதல் குறிப்பு

செயலியைத் திறந்ததும் உங்களுக்கு உண்மையிலேயே அடிக்கடி தேவைப்படுகிற ஒன்றை எழுதுங்கள். பெரும்பாலான வீடுகளில் அது உடம்பு சம்பந்தமானதாக இருக்கும். மாதிரிக்கு ஒன்று:

அப்பா – சர்க்கரை, பிரஷர்
ஆஸ்பத்திரி எண்: (அட்டையில் உள்ளபடி)
ஒத்துக்கொள்ளாதது: பென்சிலின்
இப்போது: மெட்ஃபார்மின் 500, காலை, இரவு, சாப்பாட்டோடு. அம்லோடிபின் 5, காலை.
அடுத்த முறை கேட்க: கால் மரத்துப்போவது பற்றி
2025-08-12 எச்பிஏ1சி 7.4
2025-05-09 எச்பிஏ1சி 8.1

மேலே மாறாத விவரம், நடுவில் இன்றைய நிலை, கீழே பழைய வரலாறு. புதியது மேலே வரும்படி எழுதுங்கள், அவசரத்தில் கீழே தள்ளிக்கொண்டு போக வேண்டியிருக்காது. எச்பிஏ1சி ஏறக்குறைய கடந்த மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டுவது. அதன் எண்கள் தேதியோடு ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தால் ஏறுகிறதா இறங்குகிறதா என்று டாக்டர் ஒரே பார்வையில் சொல்லிவிடுவார். தேதியை ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் எழுதியிருப்பதற்குக் காரணம் உண்டு. தலைப்பிலும் இப்படியே எழுதினால், பெயர்வரிசைப்படி அடுக்கும் செயலியில் அவை தானாகக் காலவரிசைக்கு வந்துவிடும்.

'அடுத்த முறை கேட்க' என்ற வரி எனக்கு மிகவும் பிடித்தது. வீட்டில் தோன்றும் சந்தேகம் ஆஸ்பத்திரியில் மறந்துபோகும். தோன்றியபோதே அந்த வரியில் சேர்த்துவிட்டால், டாக்டர் "வேற என்ன?" என்று கேட்கும்போது பார்த்துச் சொல்லலாம்.

இந்தக் குறிப்பைப் பின் செய்துவிடுங்கள், அதாவது எப்போதும் பட்டியலின் உச்சியில் நிற்கும்படி. பிறகு பகிர்வு வசதியில் அண்ணன், தங்கையின் மின்னஞ்சலைச் சேருங்கள். சென்னையில் இருக்கும் அண்ணன் மாத்திரை அளவைத் திருத்தினால் காட்பாடியில் உங்கள் போனிலும் அது திருந்தியிருக்கும். "நீ கேட்டியா, நான் கேட்டேனா" என்ற பேச்சுக்கு வீட்டில் இடமே இருக்காது.

மருந்துச் சீட்டைப் போட்டோ எடுத்துச் சேர்ப்பதும் நல்லதுதான். ஆனால் போட்டோவை மட்டும் நம்பாதீர்கள். படத்தில் உள்ள அச்செழுத்தைப் பிரித்தெடுக்கும் வசதி கீப்பில் உண்டு. டாக்டரின் கையெழுத்தை அது சரியாகப் படிக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. தப்பாகப் படித்த மருந்துப் பெயர் ஆபத்து. பெயரையும் அளவையும் மாத்திரை அட்டையைப் பார்த்து நீங்களே தட்டுங்கள்.

தமிழில் எழுதினால் தேடலில் கிடைக்குமா

கிடைக்கும், ஆனால் ஒரு சூட்சுமம் தெரிந்திருக்க வேண்டும். அறிமுகக் கட்டுரைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தை மனத்தில் வைத்தே எழுதப்படுவதால் இது அவற்றில் வருவதில்லை. நமக்கோ இதுதான் முக்கியம்.

'வேலூர்' என்று தேடுகிறீர்கள். குறிப்பில் 'வேலூரில்' என்று இருக்கிறது. கண்ணுக்கு அது இதற்குள் இருப்பதுபோல்தான் தெரிகிறது. கணினிக்கு அப்படி இல்லை. 'வேலூர்' என்பது ரகரமும் அதன்மேல் புள்ளியுமாக முடிகிறது, புள்ளி ஒரு தனிக் குறியீடு. 'வேலூரில்' என்பதில் அதே ரகரத்துக்கு அடுத்து வருவது இகரக் குறி. புள்ளி அங்கே இல்லவே இல்லை. எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுத் தேடும் செயலி கிடைக்கவில்லை என்று கைவிரித்துவிடும்.

ஆகவே கடைசிப் புள்ளியை விட்டுத் தேடுங்கள். 'வேலூர' என்று தட்டினால் வேலூர், வேலூரில், வேலூருக்கு மூன்றும் பெரும்பாலும் வந்துவிடும். 'மருந்து' என்பதற்குப் பதில் 'மருந்த' என்று தேடினால் மருந்தை, மருந்தில் இரண்டும் கிடைக்கும். 'பணம்' என்பது 'பணத்தை' என்று மாறுவதால் 'பண' என்பதே போதும். மாத்திரை, சர்க்கரை போல ஐகாரத்தில் முடியும் சொற்களுக்குத் தொல்லை இல்லை, அவை அப்படியே நின்று மேலே உருபு ஏற்கும். செயலிக்குச் செயலி தேடும் முறை கொஞ்சம் மாறும். உங்கள் செயலியில் 'வேலூரில்' என்று ஒரு குறிப்பு எழுதி, இரண்டு விதமாகவும் தேடிப் பார்த்துவிடுங்கள். ஒரு நிமிட வேலை.

நாள் என்பது 'நாட்கள்' என்றும், பல் என்பது 'பற்கள்' என்றும் உருமாறும்போது இந்த வித்தையும் பலிக்காது. அதற்கு வழி தலைப்பில் இருக்கிறது. தலைப்பில் சொல்லை எந்த உருபும் சேர்க்காமல் எழுதுங்கள். 'வீட்டு வாடகை பற்றி' என்று வேண்டாம், 'வீடு – வாடகை ஒப்பந்தம்' என்று இருக்கட்டும்.

இன்னொரு பழக்கம்: குறிப்பின் கடைசி வரியில், வீட்டில் யார் யார் என்ன சொல்லால் தேடுவார்களோ அவற்றை எல்லாம் போட்டுவிடுங்கள். சர்க்கரை, சுகர், நீரிழிவு. நீங்கள் சர்க்கரை என்று எழுதுவீர்கள், அம்மா சுகர் என்று தேடுவார். மருந்துப் பெயரைத் தமிழில் ஒருவர் மெட்பார்மின் என்றும் இன்னொருவர் மெட்ஃபார்மின் என்றும் எழுதுவார், அதனால் அட்டையில் அச்சாகியிருக்கும் ஆங்கில எழுத்திலும் ஒருமுறை எழுதிவிடுவது பாதுகாப்பு. ஔவை என்று எழுதும்போதும் கவனம். ஔகாரம் ஒரே எழுத்து. ஒகரத்தையும் ளகரத்தையும் தனித்தனியாகத் தட்டினாலும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், தேடினால் மட்டும் கிடைக்காது.

தட்டச்சு தெரியாது என்று தயங்க வேண்டாம். ஜிபோர்டு விசைப்பலகையில் தமிழைச் சேர்த்தால் மைக்கை அழுத்திப் பேசியே எழுதலாம். எண்களும் பெயர்களும் சரியா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நிறைய எழுதப் போகிறவர்கள் தமிழ்99 பழகிக்கொள்வது நல்லது. 1999இல் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட விசை அமைப்பு அது. ஆபீஸில் பழைய வானவில், பாமினி எழுத்துருவில் அடித்துவைத்த ஃபைல்கள் இருந்தால் அவற்றை அப்படியே ஒட்டாதீர்கள், புரியாத ஆங்கில எழுத்துகளாக வந்து விழும். முதலில் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும்.

போல்டரும் லேபிளும்

தொடக்கத்தில் எதுவும் வேண்டாம். முப்பது நாற்பது குறிப்பு சேரும்வரை தேடலே போதும். பிறகு லேபிள் போடுங்கள். போல்டரில் ஒரு குறிப்பு ஓரிடத்தில்தான் இருக்க முடியும், லேபிள் எத்தனை வேண்டுமானாலும் ஒட்டலாம். இலவம்பாடியில் முள்ளுக் கத்தரி போடுகிற ஒருவர், 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய அதே கத்தரிதான், நாற்று விட்ட தேதி, மருந்து அடித்த தேதி, நேதாஜி மார்க்கெட்டில் கிலோ என்ன விலைக்குப் போனது என்று ஒவ்வொரு பட்டத்துக்கும் ஒரு குறிப்பு வைக்கலாம். அந்தக் குறிப்புக்கு 'கத்தரி' என்றும் 'கணக்கு' என்றும் இரண்டு லேபிள். வருடக் கடைசியில் 'கணக்கு' என்று தட்டினால் கத்தரியும் மாட்டுத்தீவனமும் மோட்டார் ரிப்பேரும் சேர்ந்து வந்து நிற்கும்.

படிக்கிறவர்களுக்கு: குறிப்போடு குறிப்பைக் கோர்ப்பது

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களுக்குக் கீப் சீக்கிரமே போதாமல் போகும். அவர்களுக்கு ஆப்சிடியன் போன்ற செயலி. 2020இல் வந்தது, சொந்தப் பயன்பாட்டுக்கு இலவசம். அதன் உயிர் இணைப்பில் இருக்கிறது. ஒரு சொல்லை [[ ]] என்ற இரட்டை அடைப்புக்குள் எழுதினால் அந்தப் பெயருள்ள குறிப்போடு இது கோர்த்துக்கொள்ளும்; அப்படி ஒரு குறிப்பு இன்னும் இல்லையென்றால், அந்த இணைப்பைத் தட்டியதும் உருவாகும்.

நம் கோட்டையையே எடுத்துக்கொள்வோம். 'வேலூர்ப் புரட்சி 1806' என்று ஒரு குறிப்பு. ஜூலை 10. புதிய தலைப்பாகை, நெற்றியில் சமயக்குறி இடத் தடை, தாடி பற்றிய கட்டுப்பாடு ஆகியவை சிப்பாய்களின் கோபத்துக்குக் காரணம். கோட்டைக்குள் வைக்கப்பட்டிருந்த [[திப்பு சுல்தான்]] குடும்பம். ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு வந்து அடக்கிய [[கில்லெஸ்பி]]. சென்னை ஆளுநர் [[வில்லியம் பெண்டிங்க்]], அடுத்த ஆண்டு திரும்ப அழைக்கப்பட்டார்.

சில வாரம் கழித்துச் சமூகச் சீர்திருத்தம் படிக்கிறீர்கள். சதி (உடன்கட்டை ஏறுதல்) ஒழிப்புச் சட்டம் 1829, தலைமை ஆளுநர் [[வில்லியம் பெண்டிங்க்]]. இப்போது பெண்டிங்க் குறிப்பைத் திறந்தால், எந்தெந்தக் குறிப்புகள் அவரைச் சுட்டுகின்றன என்று இரண்டும் காட்டப்படும். வேலூரில் பதவி இழந்தவரும் சதியை ஒழித்தவரும் ஒரே ஆள் என்பது தனித்தனி நோட்டில் வேறு வேறு பாடமாகப் படித்தால் கண்ணில் படாமலே போகலாம். இங்கே அது தானாக வந்து முன்னால் நிற்கிறது. கேள்வித்தாளில் இப்படிப்பட்ட தொடர்புகளைத்தான் கேட்கிறார்கள். நிக்லஸ் லூமன் என்ற ஜெர்மானியச் சமூகவியலாளர் கணினி இல்லாமலே, ஏறக்குறைய 90,000 துண்டுச் சீட்டுகளுக்கு எண் போட்டு ஒன்றோடொன்று கோர்த்து இதைச் செய்தார். மருத்துவக் குறிப்புக்கோ மளிகைப் பட்டியலுக்கோ இந்தக் கோர்ப்பு தேவையில்லை.

நெட் இல்லாத இடத்தில்

ஏலகிரி மலையில் பதினான்கு கொண்டைஊசி வளைவு ஏறும்போது சிக்னல் வந்து வந்து போனாலும் கீப் செயலி போனில் திறக்கும், எழுதவும் விடும். நெட் வந்ததும் போனில் எழுதியது கணக்கில் போய்ச் சேரும். இதைத்தான் சிங்க் என்கிறார்கள். ஒரே குறிப்பை இரண்டு பேர் நெட் இல்லாமல் ஒரே சமயத்தில் திருத்தினால் குழப்பம் வரலாம், அவ்வளவுதான். சில போன்களில் கம்பெனி போட்டுத்தரும் நோட்ஸ் செயலி மட்டும் வேறு. அதில் சிங்க் அணைத்து வைக்கப்பட்டிருந்தால் குறிப்புகள் அந்தப் போனுக்குள்ளேயே இருக்கும், போன் தண்ணீரில் விழுந்தால் அவையும் போகும். முதல் குறிப்பை எழுதியவுடன் கணினியிலோ வேறு போனிலோ உங்கள் கணக்கில் நுழைந்து, அது அங்கே தெரிகிறதா என்று பாருங்கள்.

எழுதக் கூடாதவை

ஏடிஎம் பின், வங்கிக் கடவுச்சொல், ஆதார் அட்டையின் படம். இவை நோட்ஸ் செயலியில் வேண்டவே வேண்டாம். வீட்டில் குழந்தை விளையாடும் போன், ரிப்பேருக்குக் கடையில் கொடுத்துவிட்டு வரும் போன் இது. கடவுச்சொற்களுக்கு பிட்வார்டன் போலத் தனிச் செயலிகள் இருக்கின்றன. கூகுள் கணக்குக்கு இரண்டு கட்டச் சரிபார்ப்பு போட்டுவிடுங்கள், எல்லாக் குறிப்புக்கும் அந்தக் கணக்குதான் கதவு. ஒன்நோட்டில் ஒரு பிரிவுக்குக் கடவுச்சொல் போட்டுவிட்டு மறந்தால் மைக்ரோசாஃப்டாலும் திறக்க முடியாது, அதையும் தெரிந்துகொண்டு செய்யுங்கள்.

வெளியே எடுத்துவைப்பது

இலவசச் செயலி நாளைக்கும் இதே மாதிரி இருக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. கூகுளே 2006இல் நோட்புக் என்று ஒரு சேவை நடத்தி 2012இல் மூடியது, அதிலிருந்தவற்றை டாக்ஸுக்கு மாற்றித் தந்தது. 2008இலிருந்து பலர் நம்பிப் பயன்படுத்திய எவர்நோட், 2023 டிசம்பரில் இலவசக் கணக்குக்கு 50 குறிப்பு, ஒரு நோட்டுப்புத்தகம் என்று வரம்பு வைத்தது. அதனால் செயலியைத் தேர்ந்தெடுக்கும்போதே, எழுதியதை வெளியே எடுக்க வழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆப்சிடியனில் இந்தக் கவலை குறைவு. குறிப்புகள் உங்கள் போனிலோ கணினியிலோ சாதாரண எழுத்துக் கோப்பாகவே இருக்கும், எந்த எடிட்டரிலும் திறக்கும்.

கீப்பில் எழுதியவற்றை டேக்அவுட் என்ற கூகுள் சேவை வழியாக எடுக்கலாம். கணக்கில் நுழைந்து, முதலில் எல்லாத் தேர்வையும் நீக்கிவிட்டு, கீப்பை மட்டும் டிக் செய்யுங்கள். இல்லையென்றால் போட்டோ முழுவதும் சேர்ந்து பெரிய மூட்டையாக வரும். தயாரானதும் மின்னஞ்சலில் இணைப்பு வரும், அது சில நாளில் காலாவதியாகும், உடனே இறக்கிக்கொள்ளுங்கள். ஜிப்பைப் பிரித்தால் ஒவ்வொரு குறிப்புக்கும் ஒரு எச்டிஎம்எல் கோப்பு இருக்கும், கணினி பிரவுசரில் திறக்கும். அப்பாவின் குறிப்பைத் திறந்து தமிழ் சரியாகத் தெரிகிறதா, தேதிகளும் எண்களும் முழுதாக வந்திருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, ஒரு பென்டிரைவில் போட்டு அந்த ஆஸ்பத்திரி ஃபைலோடு சேர்த்து வையுங்கள்.